ஐந்தரைக்குப் பதிலாக ஆறு

அரசாங்கம் ஒரு நாட்டின் கடிகாரத்தையே அரை மணி நேரம் முன்னால் தள்ளலாமென்றால், நான் ஒரே ஒரு மனிதருடைய பிறந்த நேரத்தை அரை மணி நேரம் மாற்றியது பாவமா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

கண்டியில் கம்ப்யூட்டர் விற்கத் தொடங்கிய முதல் கடைகளில் ஒன்றில் வேலை செய்கிறேன். முதலாளி பக்கத்து மடவளை ஊர் முஸ்லிம். வீட்டில் மகளுக்குக் காய்ச்சல் மருந்தை மூன்று தரம் அளந்து பார்க்கும் நான், கீபோர்டுக்கு முன்னால் வேறு ஆள். பிளாப்பியை எந்தப் பக்கமாகப் போடுவதென்று தெரியாத டாக்டர்மாருக்கும் லோயர்மாருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"இதை வைத்து என்ன செய்வது?" என்று கேட்டு வந்தவர்களை வாங்க வைத்தது சாதகம் போடும் புரோகிராம்தான். பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, லண்டன் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் எத்தனை மணி வித்தியாசம் என்று கடைசியாகக் கேட்கும். பழைய பிறப்புகளுக்கு ஐந்தரை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் கடிகாரத்தை மாற்றிய பிறகு பிறந்தவர்களுக்கு ஆறு. அந்த எண் மட்டும் தாளில் அச்சாகாது.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர், தோட்டத்துப் பிள்ளைகளின் பிறந்த நேரங்களை எழுதிக்கொண்டு வந்து மொத்தமாகச் சாதகம் அடித்துக்கொண்டு போவார். ஒருநாள் செக்பாயிண்டில் பஸ்ஸை நிறுத்தியவர்கள் அவருடைய பையைத் திறந்தார்கள். முப்பது தமிழ் இளைஞர்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் கட்டங்கள், கட்டங்களுக்குள் கிரகங்களைக் குறிக்க இரண்டிரண்டு ஆங்கில எழுத்து. புலிகளின் ரகசியப் பட்டியலென்று சந்தேகப்பட்டு மாஸ்டரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தாள்களின் தலைப்பில் எங்கள் கடையின் பெயர் இருந்ததால் எங்களையும் பொலிசுக்கு அழைத்தார்கள். என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். பால் கட்டி நெஞ்சு வலித்தது.

"நங்கி, இது என்ன?" என்று இன்ஸ்பெக்டர் என்னைத் தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டார்.

"கேந்தரய, சேர். சாதகம்."

"எனக்குக் கேந்தரய தெரியாதா? என் அம்மாவிடம் இருப்பது இப்படியில்லை." மூலைகளில் கோடுகள் சாய்ந்து ஓடும் ஒரு கட்டத்தை வரைந்து காட்டினார். எங்களுடையதிலோ பன்னிரண்டு பெட்டிகளும் சுற்றிவர நேராக நிற்கும்.

சுவரோரத்து வாங்குப் பலகையில் உட்கார வைத்திருந்த மாஸ்டர் என்னிடம் தமிழில் சொன்னார்: "ரெண்டுலயும் அதே கிரகந்தான்னு சொல்லும்மா. கோடு போட்ட விதந்தான் வேற."

முதலாளி என் காதருகே, "புள்ள, சேருக்கே ஒண்டு அடிச்சுக் காட்டுங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் கடைக்கு வந்தார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் பிளேன்டீயோடு உட்கார்ந்தார். பிறந்தது விடியற்காலை ஐந்து ஐம்பது என்றார். தட்டினேன். சனி எட்டாம் இடத்தில் வந்து நின்றது. "தூரப் பயணத்தில் உயிராபத்து. வீட்டை விட்டு விலகாதிருப்பது நலம்." இதைக் கையில் கொடுத்தால் கோபப்படுவாரே, மாஸ்டர் இன்னும் அந்த வாங்கில் இருக்கிறாரே என்று நினைத்தேன். லண்டன் நேர வித்தியாசத்தில் ஐந்தரையை அழித்து ஆறு என்று போட்டேன். சனி ஒன்பதாம் இடத்துக்கு நகர்ந்தது. "தூரப் பயணத்தால் பதவி உயர்வு." பிரிண்டர் கிரீச்சிட்டு அதைத் துப்பியது.

இரண்டு தரம் வாசித்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "ஹரி நங்கி. எல்லாம் சரி." மாஸ்டர் அன்று மாலை பஸ்ஸிலேயே முப்பது தாள்களோடும் ஊர் போய்ச் சேர்ந்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமைதான்.

சில மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் ஒரு பொட்டலம் தொதல் இனிப்போடு கடைக்கு வந்தார். சண்டை நடக்கும் வடக்குக்கு மாற்றமாம். "அப்பீல் போடச் சொல்லி மனைவி அழுகிறாள். கம்ப்யூட்டரே போகச் சொல்லிவிட்டதென்று சொன்னேன்" என்று சிரித்தார். எனக்குச் சாதகத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் நம்பினார். நான் "நல்லது, சேர்" என்று மட்டும் சொன்னேன்.

போன வாரம் அவருடைய மனைவி சின்ன மகனோடு வந்தாள். மடிப்புகளில் கிழிந்துபோன அதே தாளை எடுத்து வைத்தாள். பதவி உயர்வு கிடைத்துவிட்டதாம். அங்கேயே இன்னும் இரண்டு வருடம் இருப்பதா, கண்டிக்குத் திரும்புவதா என்று அடுத்த மாத லீவில் முடிவு செய்யப் போகிறாராம். அதற்குப் புதுத் தாள் வேண்டுமாம்.

"நங்கி, இந்தத் தடவை வீட்டுக்கு வரச் சொல்லுமா உங்கள் கம்ப்யூட்டர்?"

பிறகு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அவள் போனதும் ஐந்தரை போட்டுப் பார்த்தேன். சனி எட்டில்தான் நிற்கிறது. வீட்டை விட்டு விலகாதே என்றுதான் சொல்கிறது. அவளுக்கு வேண்டியது உண்மையான தாளிலேயே இருக்கிறது. ஆனால் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் சனி இடம் மாறியிருப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொலிசை ஏமாற்றிய தமிழ்ப் பெண்ணுக்கு இந்தக் காலத்தில் என்ன நடக்கும்? மாஸ்டரின் தாள்களையும் மறுபடி தோண்டுவார்கள். என் மகளுக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை. மறுபடி ஆறு போட்டால் அவர் வடக்கிலேயே இருந்துவிடுவார்.

"புது புரோகிராம், கணக்கு மாறிட்டுது எண்டு சொல்லுங்க புள்ள" என்கிறார் முதலாளி. என் கணவரோ வாயே திறக்காதே என்கிறார்.

நீங்கள் என் கதிரையில் இருந்தால் எந்த எண்ணைத் தட்டுவீர்கள்? அவர் லீவில் வருவதற்கு முன் எனக்கு எழுதுங்கள்.