தோர்டிஸ் விளக்கிய பனிமலை

தோர்டிஸுக்கு மலை ஒரு சக்களத்தி. கடற்கரையில் பிறந்தவள், காலில் பனிச்சறுக்குக்கட்டை மாட்டிக்கொண்டு நாலடி போகத் தெரியாதவள், ஐலிஃபைக் கட்டிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தாள். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவன் தனியாக மலைக்குடிலுக்குக் கிளம்பிவிடுவான். இவள் வீட்டில் ஆரஞ்சு உரித்துத் தின்றபடி வயிறெரிந்து கிடப்பாள்.

அவன் செத்துப்போன பிறகு, அவன் வரைந்த பெரிய ஓவியத்தை ஊர் நூலகத்தில் மாட்டினார்கள். ஞாயிறுதோறும் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல தோர்டிஸே முன்வந்தாள். வேறு யாரையாவது வாய் திறக்க விட்டால்தானே! மலைகள் எல்லாம் நீல முக்கோணங்கள். நிழல் இல்லை, மரம் இல்லை. வெள்ளைவெளேர் பனியில் சறுக்குக்கட்டைத் தடம் மட்டும் இரண்டு கோடுகளாக மேலே ஏறுகிறது. அது ஒரு மனிதனின் தனிமை என்பாள். தடத்தின் இருபுறமும் வரிசை வரிசையாக இருக்கும் புள்ளிகள் அவனுடைய பெருமூச்சுகளாம். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கும். புருஷனை மலையோடுதானே பங்கு போட்டோம், ஒரு மனுஷியோடு இல்லையே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

அந்த ஞாயிறு, மலைமீட்புக் குழுவில் முப்பது வருஷம் இருந்த மாக்னில்ட் முதல்முறையாக வந்தாள். விளக்கம் முடிந்து மற்றவர்கள் பக்கத்து அறைக்குக் காபி குடிக்கப் போனார்கள். அவள் மட்டும் நகரவில்லை. பனித்தடத்தை ஒருவர் தப்பாகப் படித்தால் மலைக்காரிக்குப் பொறுக்காது.

"அது பெருமூச்சு இல்ல தோர்டிஸ், சறுக்கும்போது ரெண்டு கையிலயும் ஊன்றுற கோல் குத்தின குழி. ஒருத்தர் போனா பக்கத்துக்கு ஒரு வரிசைதான் விழும். பாரு, இங்க பக்கத்துக்கு ரெண்டு வரிசை. ஒரே தடத்துல ரெண்டு பேர் போயிருக்காங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. மாக்னில்டின் முகம் காதுமடல்வரை சிவந்துவிட்டது. தோர்டிஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னொரு ஆளு நீயா?"

மாக்னில்ட் மறுக்கவில்லை. ஒன்பது ஈஸ்டர் என்றாள்.

அவள் முகத்தைப் பிறாண்ட வேண்டும்போல் தோர்டிஸுக்குக் கை பரபரத்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "முன்னால போனது யாரு?"

"நான்தான். புதுப்பனியை மிதிச்சு வழி போடணும்ல. அவருக்கு மூச்சு வாங்கும்."

இதைத்தான் தோர்டிஸால் தாங்க முடியவில்லை. கடைத்தெருவில்கூடப் பத்தடி முன்னால் நடந்து, "சீக்கிரம் வா" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னவன் ஐலிஃப். ஒருநாளாவது தோர்டிஸின் பின்னால் வந்திருப்பானா?

காபிக் கோப்பையோடு ஒருத்தி திரும்பி வந்து, அந்தப் புள்ளிகளைப் பற்றி இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

"இவளைக் கேளுங்க," என்றாள் தோர்டிஸ், கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டே. "வழி போட்டவ இவதான்."