புள்ளிக்கு அடியில் இருந்த நிழல்

ஈவ்லின் மைசூருவில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் எக்ஸ்ரே எடுத்தவர். ஓய்வு பெற்றதும், சரஸ்வதிபுரத்தில் உள்ள ஒரு வானியல் ஆய்வுக் குழு படம் பார்த்துப் பழகிய கண்களைத் தேடுவதாகக் கேள்விப்பட்டு அங்கே சேர்ந்தார்.

பிரபஞ்சத்தின் ஆகப் பழைய வெளிச்சத்தைத் தொலைநோக்கி ஒன்று மூன்று அலைவரிசைகளில் படமெடுத்து அனுப்பும். அதற்கும் நமக்கும் நடுவே நிற்கும் கேலக்ஸிகள் அந்தப் படங்களில் பளிச்சென்ற புள்ளிகளாக விழும். அவற்றின் வெளிச்சத்தை ஒவ்வொன்றாகப் படத்திலிருந்து கழிப்பது ஈவ்லினின் வேலை. கழித்த இடம் அக்கம்பக்கம் மாதிரியே மங்கலாகத் தெரிய வேண்டும்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் ஒரு புள்ளியைக் கழித்தார். அந்த இடம் கறுத்தது. விளிம்பு கரைந்த, வட்டமான இருட்டு. மறுபடி முதலிலிருந்து செய்தார். இருட்டு அப்படியே இருந்தது. அறையில் வேறு யாருமில்லை. ஈவ்லின் எழுந்து போய் ஆள் கூப்பிட்டார்.

குழுவின் விஞ்ஞானி வைஷாலி வந்து பார்த்தாள். கொள்ளேகாலத்துப் பெண்.

"ஜாஸ்தி கழிச்சுட்டீங்க ஆன்ட்டி. விட்டுடுங்க."

ஈவ்லினால் விட முடியவில்லை. ஆஸ்பத்திரி நாட்களில் நஞ்சன்கூட்டிலிருந்து வந்த சித்தம்மா என்ற நோயாளியை அவர் மறந்ததில்லை. கழுத்து டாலரைக் கழற்றாமல் எடுத்த படம். வெளியே நீண்ட வரிசை. போதும் என்று அனுப்பிவிட்டார். எட்டு மாதம் கழித்து, டாலர் மறைத்திருந்த இடத்தில் எலுமிச்சை அளவு கட்டி தெரிந்தது. அந்த அம்மா பிழைக்கவில்லை.

"நான் ஜாஸ்தி கழிச்சிருந்தா குழி புள்ளியளவுதானம்மா இருக்கணும்? இது அதைவிடப் பெரிசா இருக்கு."

வைஷாலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டாவது அலைவரிசைப் படத்தில் அதே இடத்தைத் திறந்து, புள்ளியைக் கழித்தாள். ஒன்றுமே இல்லை. மூன்றாவதிலும் அப்படியே செய்தாள். அதே வட்டம், அதே அளவு, இப்போது வெளிச்சமாக. மூன்று படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள்.

பிறகு மெல்ல விளக்கினாள். நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் சேர்ந்த பெருங்கூட்டம் அது. அதில் நிரம்பிய கொதிக்கும் வாயு, தன்னைக் கடந்துபோகும் பழைய வெளிச்சத்தை ஓர் அலைவரிசையில் குறைத்து, ஒன்றில் அப்படியே விட்டு, இன்னொன்றில் கூட்டுகிறது. நடுவில் இருந்த ஒரு கேலக்ஸியின் பளிச்சென்ற புள்ளி, அந்த நிழலை இத்தனை நாள் மூடியிருக்கிறது.

"எவ்வளவு காலமாம்மா இந்த நிழல்?"

"நம்ம பூமி உண்டாகறதுக்கு முன்னாடியே அங்கிருந்து கெளம்பினது ஆன்ட்டி. இப்பவும் நம்ம மேல விழுந்துட்டுத்தான் இருக்கு."

நாலு மணிக்கு ஈவ்லின் பஸ் நிறுத்தத்தில் நின்றார். நல்ல வெயில். ஆனாலும் பிடரி குளிர்ந்தது. இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார். வெறும் நீலம்.

அடுத்த மாதம் அந்தக் கேலக்ஸிக் கூட்டம் ஓர் எண்ணோடு குழுவின் பட்டியலில் ஏறியது. ஏற்கெனவே கழித்த புள்ளிகளையெல்லாம் திரும்பப் பார்க்கும் பொறுப்பு ஈவ்லினிடமே வந்தது. முதல் நூறில் நான்கின் அடியில் இருட்டு இருந்தது. நான்காவதைக் கண்ட அன்று, தனியாக அந்த அறையில் உட்கார முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். வைஷாலி ஏனென்று கேட்கவில்லை. மறுநாள் தன் மேசையை அங்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டாள்.