பிசிறு வெட்டிய வேலி

முள்வேலியிலிருந்து முள்ளை வெட்டி எடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்தபின் நீங்களாகவே கண்டுபிடித்து, இந்த ஆளை நம்பியா உட்கார்ந்திருந்தோம் என்று வருத்தப்பட வேண்டாம்.

தொழிலால் நான் பனியன் கம்பெனிக்காரன். தைக்கத் தெரிந்தவன்கூட இல்லை. தைத்து வந்த பீஸில் தலைநீட்டும் நூலை வெட்டுகிறவன். பிசிறு வெட்டுவது என்போம். மீசை முளைத்த காலத்தில் கத்தரியைப் பிடித்தது, மீசை நரைக்கிறவரை விடவில்லை. எங்கேயாவது ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் தொங்கிய நூலை மணமேடைக்கே ஏறிப்போய் வெட்டிவிட்டு வந்திருக்கிறேன். அந்த வீட்டார் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

ஆர்டர் குறைந்து வாரத்தில் பாதி நாள் கம்பெனி பூட்டிக் கிடந்தபோது, பொங்கலூர்ப் பக்கம் ஒரு பயிற்சி நடப்பதாக எங்கள் அயர்ன் மாஸ்டர் செய்தி கொண்டுவந்தார். நிலப் பராமரிப்பும் இயற்கைப் பாதுகாப்பும், மூன்று மாதம், படிப்பு கேட்க மாட்டார்கள், மதியச் சோறு உண்டு. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கடைசி விஷயத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார். முடித்தால் மில்காரர்கள் மரம் வளர்க்கும் இடங்களில் வேலை கிடைக்குமாம். மர நிழலில் நாற்காலி போட்டு, மரம் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வகுப்பு நடந்தது காலியாகக் கிடந்த ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில். எங்களுக்கு முன்னால் அங்கே தங்கியிருந்தவர்கள் நாற்பது நாளில் எடை போட்டு லாரியில் ஏற்றப்பட்டவர்கள். அதனால் முதல் நாளே, உடல்தகுதிக்காக என்று சொல்லி எங்களை எடை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது.

பயிற்சியாளர் உடுமலைப்பேட்டைப் பெண். என்னைவிட நன்றாக இளையவர். எல்லோரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார், ஆனால் அந்த அண்ணாவை இழுக்கிற இழுப்பிலேயே நாம் செய்த தப்பின் அளவு தெரிந்துவிடும். சரிவில் ஓடும் மழைநீரை எங்கே நிறுத்துவது, எந்த மரத்தில் எப்போது கை வைக்கக் கூடாது என்று நிறையச் சொல்லித் தந்தார். எல்லாவற்றிலும் நான் சுமார். கிளை வெட்டும் கத்தரியைக் கையில் கொடுத்த அன்றைக்கு மட்டும் முதல் மாணவன். இந்த அண்ணனுக்குக் கத்தரி பிடிக்கச் சொல்லித் தரவே வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். கெட்டது அங்கேதான் தொடங்கியது.

வேலிப் பாடத்துக்காக ஒரு சனிக்கிழமை, ஓர் அக்காவின் கொரங்காட்டுக்குப் போனோம். மேய்ச்சலுக்கென்றே புல்லும் வெள்வேல மரமுமாக விட்டுவைக்கும் நிலம் அது. சுற்றிலும் கிளுவை மரத்தாலான உயிர்வேலி. அந்த வேலி இருக்கிற தைரியத்தில்தான் ஆடுகளை உள்ளே விட்டுவிட்டு ஆட்கள் கம்பெனி வேலைக்குப் போவார்கள். அக்காவும் அப்படிப் போய்க்கொண்டிருந்தவர்தான். ஒரு பக்கம் கிளுவை பட்டுப்போய்ப் பெரிய சந்து விழுந்துவிட்டது. அந்தச் சந்துக்கு நேரே அடுத்தவர் காட்டில் முழங்கால் உயரத்துக்குச் சோளம். இளஞ்சோளம் தின்றால் ஆடு வயிறு ஊதிச் செத்துப்போகும். எனவே புல் தளதளவென்று நின்றும் செம்மறிகள் பட்டியில் கிடந்தன. அவற்றுக்குத் தீனி போட அக்கா வீட்டில் கிடந்தார். திங்கட்கிழமையும் வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று கம்பெனி சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

"ஒண்ணு ஆடு சாகோணும், இல்லாட்டி வேல போகோணும். ரெண்டும் வேண்டாமுன்னுதானுங்க உங்களக் கூப்பிட்டது" என்று சொல்லி எங்களுக்கு மோர் கொடுத்தார்.

கிளுவைப் போத்துகளை, அதாவது வெட்டியெடுத்த கிளைத் துண்டுகளை, நெருக்கமாக நட வேண்டும். அவை துளிர்த்து அடர்கிற வரைக்கும் வெள்வேல முள்ளை வெட்டி வந்து, கவைக்கோலால் தள்ளித் தள்ளி அடைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பாகம். எனக்கு அடுத்த பாகம், என்னோடு பயிற்சியில் சேர்ந்திருந்த அயர்ன் மாஸ்டருடையது. மதியத்துக்குள் முடித்தோம். பயிற்சியாளர் ஒவ்வொரு பாகத்தையும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிச் சாப்பிட அனுப்பினார்.

எல்லோரும் போனார்கள். நான் போகவில்லை. என் பாகம் உறுதியாகத்தான் இருந்தது, ஆனால் நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு பீஸ் என் மேஜைக்கு வந்திருந்தால் விட்டிருப்பேனா? வலது பக்கம் துருத்திய ஒரு கிளையை மட்டும் வெட்டினேன். அதனால் இடது பக்கம் அசிங்கமாகத் தெரிந்தது. அதையும் வெட்டினேன். பிறகு உள்பக்கம். வெட்டியதை உருவி எடுத்துச் சுத்தமாகக் குவித்தும் வைத்தேன். கடைசியில் அயர்ன் பண்ணி மடித்த டீ-ஷர்ட் போல நின்றது வேலி. போட்டோ எடுத்துக் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

அதற்குள், வேலி பாஸாகிவிட்டது என்று கேள்விப்பட்ட அக்கா பட்டியைத் திறந்துவிட்டார்.

முன்னால் வந்தது வயதான ஒரு பெட்டையாடு. ஃபைனல் செக்கிங்குக்கு வந்த, சரக்கு வாங்கும் பையரின் ஆள் மாதிரி வேலியோரமாகவே நடந்து, பாகம் பாகமாக முகர்ந்து பார்த்தது. அயர்ன் மாஸ்டரின் பாகத்தில் மூக்கில் முள் குத்தி, தும்மிவிட்டு நகர்ந்தது. என் பாகத்தில் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தது. தலையை நுழைத்தது, போய்விட்டது. மற்றவை அதன் பின்னாலேயே, கம்பெனி கேட்டில் சங்கு ஊதியதும் போகிற ஒழுங்கோடு போயின.

அதன்பிறகு நாங்கள் ஓடிய ஓட்டத்தை எழுதினால் என் மரியாதை மிஞ்சாது. சாப்பாட்டுக் கையோடு எல்லோரும் சோளத்துக்குள் பாய்ந்தார்கள். நான் ஒரு ஆட்டைப் பிடித்தேன். உண்மையில் அது என்னைத் தள்ளிவிட்டு என் மேலே நின்றது. சோளத்தை நன்றாகக் கடிப்பதற்குள் எல்லாவற்றையும் திருப்பிவிட்டோம். ஆனாலும் அக்கா பட்டியில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் வயிற்றையும் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அண்ணா, மறுபடி முள் வர்ற வரைக்கும் நீங்களே நில்லுங்க" என்றார் பயிற்சியாளர்.

சந்தில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் வேண்டும் என்று கேட்டதற்கு அயர்ன் மாஸ்டர், "ஏலே, வேலி பேசுதுலே" என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பொழுது சாயும்வரை ஒரு வயிறும் ஊதவில்லை. அதற்குப் பிறகுதான் அக்கா எழுந்துபோய் முகம் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய், முதல் நாளைவிட இரண்டு பங்கு முள் வெட்டி வந்து நான் ஒருவனே அடைத்தேன். கையெல்லாம் கீறல். பனியன் கிழிந்து ஒரு நூல் முள்ளிலேயே மாட்டிக்கொண்டது. மறுபடி ஆடுகளை விட்டார்கள். அதே பெட்டையாடு நேராக என் பாகத்துக்குத்தான் வந்தது. தலையை நீட்டியது, குத்து வாங்கியது, இன்னொரு இடத்தில் நீட்டியது, அங்கேயும் வாங்கியது. பிறகு என்னை மறந்து புல்லைக் கடிக்கத் தொடங்கியது.

அக்கா வேலியோரமாக நடந்து வந்தார். மறுநாள் வேலைக்குப் போவதற்காகக் கம்பெனி அடையாள அட்டையின் கழுத்து நாடாவை அலசிக் காயப்போட்டிருந்ததை வரும்போதே பார்த்திருந்தேன். என் பாகத்தின் முன்னால் நின்றார். நாலு பக்கமும் முள் நீட்டிக்கொண்டிருந்தது; நடுவில் என் பனியன் நூல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. என் கை தன்பாட்டுக்குச் கால்சட்டைப் பையிலிருந்த கத்தரியைத் தேடியது. அதை மறைக்கச் சிரித்துக்கொண்டே, இப்போது என் வேலி எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன்.

"அசிங்கமா இருக்குதுங்க, கை வெச்சுறாதீங்க."