பாஸ் என்ற சொல்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்குத் தெரிந்த இங்கிலீசுச் சொற்கள் கொஞ்சம்தான். அதிலே பாஸ் என்பதை இன்றைக்கும் ஒரு மரியாதையோடுதான் சொல்லுவேன். சோதினையில் தேறினால் பாஸ். பந்தை மற்றவனிடம் தட்டிவிட்டால் பாஸ். வீட்டுப் பிளானுக்கு அனுமதி கிடைத்தால் அதுவும் பாஸ். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட ஒரு துண்டுக் கடதாசி வேண்டியிருந்தது, அதற்கும் அதே பேர். இவ்வளவு சின்னச் சொல் இத்தனையையும் எப்படிச் சுமக்கிறதோ.

நான் அதை முதன்முதல் கண்ணால் கண்டது எட்டு வயதில். ரெயில்வேயில் கிளாக்கராக இருந்த மாமா, அம்மாவின் தமையன், பள்ளிக்கூட விடுதலைக்கு என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போக வந்தார். மாமி தனிச்சுப்போனா என்றார். அவர்களுடைய ஒரே மகள் முந்தின வருசம் காய்ச்சலில் மோசம்போய்க் கண்ணை மூடினவள். என் வயதுதான். மாமாவின் கந்தோரில், குடும்பத்துக்குக் காசில்லாமல் ரெயிலேற எழுதிக்கொடுக்கும் பாஸில், அவள் பேரை இன்னும் வெட்டவில்லையாம். அந்தப் பேர் எழுதின பாஸில்தான் நான் போகவேண்டும். உள்ளங்கை அளவு கடதாசி. அதைக் காட்டினால் அவ்வளவு பெரிய ரெயில் எங்களை ஏற்றுமாம். தொட்டுப்பார்க்கவே பயமாக இருந்தது.

பிடிபட்டால் மாமாவின் உத்தியோகம் போய்விடும் என்று அம்மா சாவகச்சேரி ஸ்டேசன் போய்ச்சேருமட்டும் சொல்லிக்கொண்டே வந்தா. வாய்தவறியும் மாமா என்று சொல்லக்கூடாது, அப்பா என்று கூப்பிடவேண்டும். தோட்டத்தில் வெங்காயம் கிண்டிக்கொண்டு நின்ற என் அப்பாவை நினைக்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ரெயிலில் மாமாவுக்குப் பக்கத்தில் யன்னலோரம் இருந்தேன்.

வவுனியா தாண்ட, ரிக்கற் பார்க்கிறவர் வந்தார். கடதாசியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஆரின்ரை பிள்ளை நீ?"

மாமா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்பான்ரை" என்றேன், மாமாவின் சேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

"சரியான வெக்கக்காறி" என்று சிரித்துவிட்டு அவர் அடுத்த பெட்டிக்குப் போனார். கதவளவு நின்ற மனிசனை ஒரு துண்டுக் கடதாசி விலத்திவிட்டதே என்று நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொழும்பு ஸ்டேசன் வாசலும் கடந்தாயிற்று. இனிப் பயமில்லைத்தானே.

"மாமா, தண்ணி விடாய்க்குது."

அவர் என் கையை விடவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "வீட்டை போகுமட்டும் மற்ற மாதிரியே கூப்பிடு, பிள்ளை" என்றார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் பாஸ் பார்ப்பார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.