திருவொற்றியூரில் ஆளில்லாத வகுப்பறைகள்

இந்த அர்த்தராத்திரியில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னியுங்கள், தோழிகளே. குழந்தை இப்போதுதான் கண் அயர்ந்தாள். நம் கையெழுத்துப் பத்திரிகையின் இந்தச் சுற்றுக்கு என் பங்காகத் திருவொற்றியூர்ப் பயணத்தை எழுதுகிறேன். நம்மில் பாதிப் பேர் பாடத்தோடு பள்ளி நூலகத்தையும் சுமக்கிறவர்கள். நீங்களும் போய்ப் பார்க்க நினைக்கலாம்.

போன காரணம் இது. எங்கள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "அலமாரியைப் பூட்டிச் சாவியைக் குடுத்துடும்மா. புத்தகம் கிழியுதே தவிர ஒருத்தரும் படிக்கிறதாத் தெரியல" என்றார். நான் கெஞ்சவே சற்று இறங்கி வந்தார். "பிள்ளைங்க நிஜமாப் படிக்கிற பள்ளிக்கூடம் ஒண்ணப் பார்த்துட்டு வந்து சொல்லு. அவங்க செய்யறத நானும் செய்யறேன். மாதக் கடைசி வரைக்கும் டயம்."

திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் தினமும் புத்தகம் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வியாழக்கிழமை விடுப்பு எடுத்தேன். மூன்று வயது மீனாவை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. உடன் அழைத்துப் போனேன். (வெளியில் வந்தால் நான் அவள் கையை விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.) சென்ட்ரலிலிருந்து பன்னிரண்டரை மணி பாசஞ்சர், மூன்றாம் வகுப்பு, மூன்றணா. பேசின் பிரிட்ஜில் கரிப்புகை பெட்டிக்குள் வரும், ஜன்னலோரம் வேண்டாம். திருவொற்றியூரில் இறங்கிக் கடல் பக்கமாக ஒன்றரை மைல், ஜட்காவுக்கு ஆறணா. ஆலைப் புகையும் கடல் ஈரமும் கலந்து பட்டப்பகலே வெளிறிக் கிடந்தது.

"ரெண்டு மணி ஆலைச் சங்குக்குள்ள போய்ட்டா நல்லதும்மா. ஊதிட்டா அந்த இஸ்கோல்ல ஆளே இருக்க மாட்டாங்கோ" என்றார் ஜட்காக்காரர்.

"மூடிவிடுவார்களா?"

"இன்னாத்துக்கு மூடறாங்கோ? கதவெல்லாம் தொறந்துதான் கீது. ஆளுதான் இல்ல. அந்நேரத்துக்கு எங் குதிரகூட அங்க நிக்காது." சிரித்துக்கொண்டு சொன்னாரா என்பது பின்னாலிருந்து தெரியவில்லை.

பள்ளி வாசலில் இறங்கி, காசு எடுக்க மீனாவின் கையை விட்டேன். அதே சமயம் ஆலைச் சங்கு ஊதியது. நெஞ்சுக்குள் புகுந்து ஊதுவது போல நீண்ட ஊதல். அது ஓய்ந்து நான் திரும்பியபோது குழந்தை இல்லை.

உள்ளே ஓடினேன். முதல் வகுப்பில் பைகள் இருந்தன. கரும்பலகையில் ஒரு வார்த்தை பாதியில் நின்றது. ஆள் இல்லை. அடுத்த வகுப்பிலும் இல்லை. ஆனால் ஒரு சத்தம் மட்டும் இருந்தது. காய்ந்த இலை தரையில் உரசுவது போல, சரக், சரக் என்று, நான் எட்டிப்பார்த்த அறைகளிலெல்லாம். "மீனா!" என்று கத்தினேன். சத்தம் ஒரு கணம் நின்றது. ஒரு மேசைக்கடியிலிருந்து சின்னக் கை ஒன்று மட்டும் வெளியே நீண்டு, தாழ்வாரக் கோடியைச் சுட்டிக்காட்டிவிட்டு உள்ளே போய்விட்டது. மறுபடி சரக், சரக்.

குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கோடி அறைக்கு ஓடினேன். காலி நாற்காலி. பெரிய மேசைக்கடியில், நரைத்த தலையோடு ஓர் அம்மாள் கால் மடக்கி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். மடியில் மீனா, படப் புத்தகத்தோடு. அந்த அம்மாள் உதட்டில் விரலை வைத்து, சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பி.ஏ. படித்த நான் தவழ்ந்து உள்ளே போனேன்.

அரை மணி கழித்து மணி அடித்த பிறகுதான் பேச்சு. அவர் தலைமையாசிரியை எஸ்தர். சங்கு கேட்டு உள்ளே ஓடிய பிள்ளைகளோடு மீனாவும் ஓடி வந்துவிட்டாளாம். சிரித்துக்கொண்டே வந்தவர் நூலகம் பார்க்கும் ஜைத்தூன் டீச்சர். "ஸ்கூல் பார்க்க வந்த இன்ஸ்பெக்டரே, ஆளக் காணோம்னு போலீசக் கூப்பிடப் போய்ட்டாரும்மா, நீங்க பரவால்ல!"

"நாப்பத்திரண்டுல, யுத்தத்தப்போ, ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே காலியாச்சு" என்றார் எஸ்தர் டீச்சர். "போக இடமில்லாத பிள்ளைங்க மட்டும் வந்துச்சு. அபாயச் சங்கு ஊதினா மேசைக்கடியில ஒளியணும். ஒண்ணு அழுதா எல்லாம் அழும். ஜைத்தூன் டீச்சர் அலமாரியைத் திறந்து, கைக்கு வந்த புத்தகத்தை எல்லாம் உள்ளே தள்ளினாங்க. அழுகை நின்னுது. யுத்தம் முடிஞ்சு பெஞ்சில உக்காந்து படிங்கன்னோம். வேடிக்கைதான் பார்த்துச்சுங்க. அப்புறம் ஒருநாள் ஆலைச் சங்கு ஊதினப்போ தானா மேசைக்குக் கீழே போச்சுங்க. நாங்களும் போயிட்டோம்."

மேசைகளின் அடியில் சாக்குப்பைகள் தொங்குகின்றன. சனிக்கிழமைதோறும் அவற்றில் புத்தகம் மாற்றுவது ஜைத்தூன் டீச்சர். அந்த அரை மணியில் யாரும் யாரையும் கூப்பிடக்கூடாது என்பது தலைமையாசிரியை போட்ட சட்டம். அதற்கு முதலில் அடங்குகிறவரும் அவரே.

"நேரம் அவங்க குடுப்பாங்கோ, புஸ்தகம் நான் குடுப்பேன்" என்றார் ஜைத்தூன் டீச்சர். "அவங்களுக்கும் நான்தான். போன வாரம் புடிக்கலன்னு மூஞ்சியத் தூக்கிக்கினாங்கோ."

"பின்ன? இருட்டுல படிக்கப் பேய்க்கதையா குடுப்பாங்க?"

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஏன் கீழே போகிறோம் என்று தெரியாதாம். பெரியதைப் பார்த்துச் சிறியது போகிறது.

போகிறவர்கள் முன்கூட்டிக் கார்டு போட்டுவிட்டு, எனக்கு முந்தைய வண்டியில் கிளம்பி ஒன்றரைக்குள் சேருங்கள். குடிநீர் எடுத்துப் போங்கள். திரும்ப ஐந்து மணிக்கு வண்டி உண்டு. குழந்தையின் கையை விடாதீர்கள்.

இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. மண்ணடியில் எங்களுக்கு அது தினசரிச் சத்தம். மீனா தட்டை விட்டு எழுந்து, படப் புத்தகத்தை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டாள். கூப்பிட்டேன். சரக் என்று ஒரு பக்கம் புரண்டது. குனிந்து பார்த்தேன். முகத்தில் பயமே இல்லை. உதட்டில் விரலை வைத்தாள்.

அதனால்தான் தூக்கம் வரவில்லை. அவள் கற்றுக்கொண்டது படிப்பா, ஒளிவதா? எங்கள் தலைமையாசிரியை சொன்ன சொல் தவறமாட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னால் எங்கள் பிள்ளைகளும் சங்கு ஊதினால் மேசைக்கடியில் போவார்கள். அதை மறைத்து, படிக்க அரை மணி நேரம் மட்டும் கேட்டு, அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் அலமாரிக்குப் பூட்டு. என் இடத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள்? பத்திரிகை சுற்றி வரும்வரை காத்திருக்காமல், மாதக் கடைசிக்குள் என் வீட்டு முகவரிக்கே ஒரு கார்டு போடுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.