304-ஆம் அறையில் ஓடிய மீட்டர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி, புளியமரம், நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எனக்கு நடந்தது போன ஆடி மாதம், வேலூரில், காலை பதினொரு மணிக்கு. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

கட்டடங்களில் கரண்ட் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிப்பது என் தொழில். நகராட்சி அலுவலகம், தோல் கம்பெனி, கல்யாண மண்டபம் எல்லாம் பார்த்திருக்கிறேன். மனிதர்கள் பொய் சொல்வார்கள், மீட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சந்துகள் முழுக்க லாட்ஜ்கள். வங்காளம், பீகார், அசாமிலிருந்து வருகிற நோயாளிகள் கூட ஓர் ஆளோடு மாதக்கணக்கில் தங்குவார்கள். அப்படி ஒரு லாட்ஜ் அது. மூன்று மாடி, இருபத்து நான்கு அறை. ஓனர் புகழேந்தி ஆம்பூரில் தோல் பதனிடும் கெமிக்கல் விற்றுச் சம்பாதித்தவர். கரண்ட் பில் வருகிற நாளில் மட்டும் அவருக்கு நெஞ்சு வலிக்கும்.

அவர் ஒவ்வொரு அறையிலும் கதவோரம் ஒரு பெட்டி மாட்டியிருந்தார். அதில் கார்டைச் செருகினால்தான் அறைக்குக் கரண்ட். உருவினால் லைட், ஃபேன், பிளக் எல்லாம் செத்துவிடும். முதலில் மாட்டிய பெட்டி எந்த அட்டையைச் செருகினாலும் வேலை செய்தது. நோயாளியை உள்ளே விட்டு மருந்து வாங்கப் போகிறவர்கள் மாத்திரை டப்பா அட்டையை மடித்துச் செருகிவிட்டுப் போனார்கள். புகழேந்திக்கு அது பொறுக்கவில்லை. லாட்ஜ் கார்டுக்கு மட்டுமே மசிகிற புதுப் பெட்டியை வாங்கினார். கார்டையும் அறைச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து இறுக்கி அடித்துவிட்டார். இனி பூட்டிக்கொண்டு போனால் கார்டும் கூடவே போயாக வேண்டும்.

பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உடனே அவருக்கு மின்சிக்கனக் கட்டடம் என்று சான்றிதழ் வாங்கி ரிசப்ஷனில் மாட்டும் ஆசை வந்துவிட்டது. அளந்து எழுதிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்.

ஆக்சிஜன் மிஷினோடு நோயாளி தனியாக உள்ளே இருந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"பூட்டாம போவட்டும் சார். யாரு வேணாம்னா?" என்றார்.

பூட்டாமல் போன அறைகளில் செல்போனும் ஆபரேஷன் பணமும் களவு போனதை ரிசப்ஷனில் இருந்த அப்துல் ஹமீத் பாய்தான் பிறகு என் காதில் போட்டார். வாணியம்பாடிக்காரர். இந்தி பேசுவார் என்பதால் வடக்கத்தி ஆட்களுக்கு அந்த லாட்ஜில் அவர்தான் எல்லாம்.

காலியாக இருக்கும்போது கட்டடம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பகல்தான் சரி. விடியற்காலையிலேயே எல்லோரும் ஆஸ்பத்திரி வரிசைக்குப் போய்விடுவார்கள். "ஒரு ஈ காக்கா இல்ல சார். எல்லா சாவியும் போர்டுல" என்றார் ஹமீத் பாய். எண்ணிப் பார்த்தேன். இருபத்து நான்கும் தொங்கின.

படிக்குக் கீழே மீட்டர் போர்டு. அறைக்கு ஒரு சின்ன மீட்டர். 101 ஜீரோ. 102 ஜீரோ. வரிசையாக ஜீரோ. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்படி ஒரு சுத்தமான கட்டடத்தை நான் பார்த்ததில்லை.

304 மட்டும் 340 வாட் காட்டியது.

மணி 11.06. சின்ன அளவு இல்லை அது. ஃபேனும் லைட்டும் சேர்ந்தாலும் அறுபதுதான் வரும். 304 சாவி போர்டில் இருக்கிறது. அந்த அறையை இரண்டு மாதமாக யாருக்கும் விடவில்லை என்று ஹமீத் பாய் சொன்னார். ஏன் என்று கேட்டதற்குச் சாவியை எடுத்து நீட்டினார். யாரோ கள்ளத்தனமாக வயர் இழுத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, அவரை மீட்டர் பக்கம் நிற்கவைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

மூன்றாவது மாடி. வெயில் சூடு உள்ளே ஏறக் கூடாதென்று வராந்தா ஜன்னல்களையெல்லாம் பலகை அடித்து மூடியிருந்தார்கள். பகலிலேயே இருட்டு. 304 கதவுக்கு முன்னால் நின்றேன்.

உள்ளே சத்தம் கேட்டது.

உர்ர்ர்... புஸ்... டக்.

உர்ர்ர்... புஸ்... டக்.

கதவைத் தட்டினேன். சத்தம் நிற்கவில்லை. சாவியைப் போட்டுத் திறந்தேன். சட்டென்று நின்றது. டார்ச் அடித்தேன். வெறும் கட்டில். சுருட்டி வைத்த மெத்தை. பிளக்கில் எதுவும் செருகவில்லை.

"பாய், இப்ப எவ்ளோ?"

"ஜீரோ சார்."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

"ஏறிடுச்சு சார். முந்நூத்தி நாப்பது."

திறந்தேன். ஜீரோ. சாத்தினேன். முந்நூற்று நாற்பது.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. படித்த படிப்பை ஒரு கதவு கேலி செய்தால் யாருக்குத்தான் வராது? உள்ளே போய் நின்று, கதவைச் சாத்திக்கொண்டேன். அதைச் செய்திருக்கக் கூடாது.

கும்மிருட்டு. டார்ச் அணைந்துவிட்டது. தட்டினேன், எரியவில்லை.

உர்ர்ர்... புஸ்... டக்.

இப்போது கட்டில் பக்கமிருந்து வந்தது.

அதோடு இன்னொரு சத்தம். யாரோ மூச்சு இழுக்கிறார்கள். இழுக்கிறார்கள்... உள்ளே போகவில்லை. மறுபடியும் இழுக்கிறார்கள். வளையல் கட்டில் சட்டத்தில் இடிக்கிறது.

"ஹவா..."

நான் ஆம்பூரில் பிறந்தவன், தெருவில் உருது கேட்டு வளர்ந்தவன். அந்த வார்த்தை தெரியும். காற்று கேட்கிறாள். ஒரு பெண்.

யாரோ நிஜமாகவே செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. தடவித் தடவிப் பெட்டியைக் கண்டுபிடித்து கார்டைச் செருகினேன்.

லைட் வரவில்லை.

உருவிச் செருகினேன். வரவில்லை.

"சார்..." போனில் ஹமீத் பாய். "கம்மியாவுது சார்."

"எது?"

"மீட்டரு. முந்நூறு... எரநூத்தி எழுவது..."

மிஷின் சத்தம் இழுபட ஆரம்பித்தது. உர்ர்... பு... ஸ்...

கட்டில் கிறீச்சிட்டது. ஏதோ தரையில் விழுந்தது.

என் பக்கம் ஊர்ந்து வந்தது.

வளையல்... தரையில்... கர்ர்... கர்ர்...

கதவைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. நான் பூட்டவேயில்லை. தோளால் இடித்தேன். அசையவில்லை. என் நெஞ்சிலும் காற்று இறங்கவில்லை.

"நூத்தி பத்து... எழுவது..."

கத்தினேன். சத்தம் வரவில்லை.

கால் பெருவிரலில்... சில்லென்று...

"இருவது..."

ஒரு மூச்சு. நீளமாக.

அடுத்தது வரவில்லை.

"ஜீரோ சார்."

கதவு தானாகத் திறந்துகொண்டது. மணி 11.19.

எப்படிக் கீழே வந்தேன் என்று தெரியாது. ஹமீத் பாய் தண்ணீர் கொடுத்தார்.  அப்புறம்தான் வாயைத் திறந்தார். இரண்டு மாதம் முன்பு 304-இல் ராஞ்சியிலிருந்து ஒரு பெரியவர் தங்கியிருந்தாராம். வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மிஷின். அது இழுக்கிற கரண்ட் முந்நூற்று நாற்பது வாட். முந்தின நாள்தான் பக்கத்து அறையில் செல்போன் களவு போயிருந்தது. மகன் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போயிருக்கிறான். திரும்பி வரும்போது பெரியவர் உயிரோடு இல்லை. புகழேந்தி அன்று சாயந்தரமே மெத்தையை மாற்றச் சொல்லிவிட்டார். நோயாளிகள் தங்குகிற இடத்தில் சாவு சகஜம் என்று போலீஸும் போய்விட்டது.

"பெரியவரா?" என்றேன். "நான் கேட்டது பொம்பளைக் குரல் பாய். வளையல் சத்தம்."

 அவர் மெதுவாகத் திரும்பிச் சாவி போர்டைப் பார்த்தார். 304-க்கு நேர் கீழே இருக்கிற அறை 204.

"நேத்து ராத்திரிதான் காட்பாடில எறங்கி வந்தாங்க. புருசனும் பொண்டாட்டியும்" என்றார். "அவரு மட்டும்தான் சார் சாவியக் குடுத்துட்டு வெளிய போனாரு."

ஓடினோம். 204 பூட்டைத் திறந்தும் கதவைத் தள்ள முடியவில்லை. உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. இருவரும் சேர்ந்து தள்ளினோம். அவள்தான் அடைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து விழுந்து கதவு வரை ஊர்ந்து வந்திருக்கிறாள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் அப்படியே இருந்தது. பில்கிஸ் என்று பெயராம். வயது முப்பத்தொன்று.

என்னை 304-க்கு இழுத்தது எதுவோ, அது உதவிக்குக் கூப்பிடவில்லை. மேலே ஏறும்போது அந்த 204 கதவைத் தாண்டித்தான் போனேன். அந்த நேரத்தில் அவளுக்கு உயிர் இருந்தது. காற்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதை எனக்குக் கேட்கவைத்து, கேட்கிற தூரத்திலேயே பூட்டி வைத்து, அவள் முடிந்த பிறகு கதவைத் திறந்துவிட்டது. அது முழுக்கக் கெட்ட எண்ணம்.

அவள் கணவர் பால் வாங்கிய தூக்கோடு படியேறி வந்தார். ஹமீத் பாய் சொன்னதை அவர் காதில் வாங்கவேயில்லை. கதவைப் பூட்டும்போது மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்று இந்தியில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பொய் இல்லை. கார்டை உருவிய பிறகும் ஒரு நிமிஷம் அந்தப் பெட்டி கரண்டை விட்டுவைக்கும். வெளியே போகிறவர்கள் இருட்டில் தடுமாறக் கூடாதென்று கம்பெனிக்காரன் செய்து கொடுத்த வசதி.

நான் எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டேன். புகழேந்தி வேறு ஆளைப் பிடித்தார். சான்றிதழ் இப்போது ரிசப்ஷனில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறதாம். பெட்டிகளும் அப்படியேதான்.

போன கார்த்திகையில் ஒரு நாள் காலை ஹமீத் பாய் போன் செய்தார். மூச்சு வாங்கியது.

"304 கம்முனு கீது சார். இப்ப 204 ஓடுது. முந்நூத்தி நாப்பது. எல்லா சாவியும் போர்டுல இருக்கு. எந்த ரூமுக்குப் போவ?"

204 பக்கமே போகாதீர்கள், மற்ற எல்லாக் கதவையும் திறங்கள் என்று கத்தினேன். போனை கட் பண்ணாமலே கீழே வைத்துவிட்டு ஓடினார். சாவி குலுங்குகிற சத்தமும் கதவுகள் திறக்கிற சத்தமும் எனக்கு ஒவ்வொன்றாகக் கேட்டன.

பதினேழாவது கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தது, உயிர் இல்லை. ஹமீத் பாய் கீழே திரும்பி வந்து பார்த்தபோது 204 மீட்டர் ஜீரோவுக்கு வந்திருந்தது.