சத்தத்தோடு ஒரு கேண்டனீஸ் படம்

எதிர் வீட்டு ஆன்ட்டியிடமிருந்து என் மகளை எடுத்து, தமிழ் பேசும் வீடு ஒன்றில் விடுவதா, வேண்டாமா? இந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. காலையில் எழும்போது ஒரு பதில் இருக்கும். வேலைக்குப் போகும் ரயில், சிங்கப்பூரில் நாங்கள் இருக்கும் ஈசூனை விட்டுக் கிளம்புவதற்குள் அது மாறிவிடும்.

மகளுக்கு ஆறு வயது. அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறாள். தமிழ்தான் அவளுடைய தாய்மொழிப் பாடம். நான் அலுவலகத்திலும் கணவர் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவிலும் இருக்கும் நேரமெல்லாம், கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்தே, அவளைப் பார்த்துக்கொள்பவர் அந்த ஆன்ட்டிதான். அவரிடம் மகள் அவருடைய சீன மொழியான கேண்டனீஸில் பொரிந்து தள்ளுவாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். லிட்டில் இந்தியாவில் குடியிருக்கும் என் அக்கா, தன் அடுக்குமாடி புளோக்கிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தமிழ் அம்மாவிடம் இடம் சொல்லி வைத்துவிட்டார். முடிவு சொல்லாமல் இழுத்தடிப்பது நான்தான். ஆன்ட்டியிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மகளுக்குக் கேண்டனீஸ் வந்த விதம் வேடிக்கையானது. இங்கே தொலைக்காட்சியில் ஹாங்காங் நாடகங்கள் மாண்டரின் என்ற வேறொரு சீன மொழிக் குரலோடுதான் வரும். ஆன்ட்டிக்கு அது ஆகாது. ஒலியை நிறுத்திவிட்டு, வாயசைவைப் பார்த்துத் தானே கேண்டனீஸில் வசனம் பேசுவார். கதாநாயகனுக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு குரல். கொடுமைக்கார மாமியார் வந்தால் சோபாவிலிருந்து எழுந்தே நின்றுவிடுவார். கொஞ்ச காலமாக மருமகள்களுக்கெல்லாம் குரல் கொடுப்பது என் மகள்.

அதனால், டோபி காட் பக்கம் இருக்கும் அரும்பொருளகத்தில் கேண்டனீஸ் படவிழா என்று தெரிந்ததும் ஆன்ட்டிக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன். பாடிக்கொண்டே வாள் வீசும் பழைய படங்கள், பேய்ப் படங்கள், இந்தக் காலத்துக் குடும்பக் கதைகள் என்று பலவிதமாக இருந்தன. ஒரு தையல்காரரைப் பற்றிய கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். குழந்தைகள் பார்க்கலாமா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். ரயிலில் போகும்போது, தையல்காரர் என்றால் கத்தரிக்கோல் இருக்குமே என்று மறுபடியும் ஒரு கவலை வந்தது.

ஆன்ட்டி பூப்போட்ட புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். விளக்கு அணைந்தது. திரையில் தையல்காரர் வாயைத் திறந்ததும், பழக்கதோஷத்தில் ஆன்ட்டியும் அவரோடு சேர்ந்து உரக்கப் பேச ஆரம்பித்துவிட்டார். முன் வரிசையில் நாலைந்து தலைகள் திரும்பின. எனக்கு இருக்கைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. மகள் அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

ஆன்ட்டி தன் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்; கடைசியில் ஒட்டும் 'லா' மட்டும் அவருடையதே. "இங்க அவங்களே பேசுறாங்களாம் லா. நான் ரெஸ்ட் எடுக்கலாமாம்."

அதன் பிறகு இருவரும் படம் முழுக்கச் சிரித்தார்கள். நான் கீழே ஓடும் ஆங்கில வசன வரிகளைப் படித்து முடிப்பதற்குள் அரங்கமே சிரித்து ஓய்ந்திருக்கும். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் காதோடு வாயை வைத்து, தமிழில் சொல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா, அந்த மாமா பேண்ட் குட்டியா தெச்சிட்டாரு. நாளைக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அழுவுறாரு, பாரு!"

நான் அசையவில்லை. அசைந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். மணப்பெண் வந்தாள், அவள் அப்பா வந்தார், எல்லாருக்கும் காதோடு தமிழ் வந்தது. தெரியாத சொல்லுக்குக் கையை ஆட்டிக் காட்டினாள். கடைசியில் நானும் மற்றவர்களோடு சேர்ந்து, சரியான நேரத்தில் சிரித்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன்மா தமிழ்ல சொன்ன?"

"இங்கிலீஷ்தான் கீழ எழுதியிருக்கே. அதப் படிச்சும் நீ சிரிக்கலையே!"

அங்கிருந்து அக்கா வீட்டுப் பக்கம், சிராங்கூன் சாலைக்குப் போனோம். தோசைக் கடையில் அக்கா காத்திருந்தார். நடந்ததை மூச்சு விடாமல் சொன்னேன்.

"என்னடி இது, சீனப் படம் பாத்தா தமிழ் வளருமா? அப்ப தமிழ்ப் படம் பாத்தா சீனமா?" என்றார் அக்கா. "ஒரு நாள் பேசிட்டா ஆச்சா? அந்தம்மா இந்த வாரத்துக்குள்ள பதில் கேக்குறாங்க. உனக்காக எத்தன நாள் இடத்தப் பிடிச்சு வெச்சிருப்பாங்க?"

அக்கா சொல்வதிலும் நியாயம் இருந்தது. மகள் அதற்குள் மறுபடி ஆங்கிலத்துக்குப் போய்விட்டிருந்தாள். எதிரே ஆன்ட்டி தோசையைச் சட்னியில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு புரியாததால் நிம்மதியாக இருந்தார்.

"அடுத்த வாரம் பேய்ப் படம். இவளக் கூட்டிட்டுப் போகவா? சின்னப் பேய்தான் லா," என்றார் என்னிடம்.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் மகள் அவர் மடியில் தூங்கிப்போனாள். ஆன்ட்டி அவள் தலையைத் தடவிக்கொண்டே, அடுத்த வருடம் பள்ளி விட்டதும் நேராகத் தன் வீட்டுக்கே வரட்டும், அவளுக்குப் பிடித்த, ஆவியில் வேகவைத்த முட்டை தினமும் செய்து வைக்கிறேன் என்றார்.  நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனாலும் அன்று மனம் நிறைந்துதான் இருந்தது.

கணவர், "ரெண்டு வீட்லயும் சோறு நல்லாத்தான் இருக்கும், நீயே முடிவு பண்ணு," என்கிறார். உதவியில்லை.

வேறு மொழி பேசும் அண்டை வீட்டில் பிள்ளையை வளர்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். பள்ளிக்குப் போன பிறகு அந்தப் பிள்ளையின் தமிழ் என்ன ஆயிற்று? அங்கிருந்து எடுத்துவிட்டவர்கள் என்றால், பார்த்துக்கொண்டவரிடம் அதை எப்படிச் சொன்னீர்கள்? அக்காவுக்கு நான் பதில் சொல்வதற்குள் தயவுசெய்து எழுதுங்கள்.